கல்லூரிக்கா, மாணவர் கைக்கா, பட்டறைக்கா? கென்யாவின் தொழிற்கல்விப் பணம்

கென்யாவில் பள்ளி முடித்து, பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போதாமல் வெல்டிங்கோ வயரிங்கோ கற்கப் போகிறவருக்கு அரசு மூன்று வழிகளில் செலவு செய்யலாம். கல்லூரியின் கணக்கில் போடலாம், மாணவர் கையில் கொடுக்கலாம், வேலை நடக்கும் பட்டறைக்கே அனுப்பலாம். மூன்றையுமே அந்த நாடு செய்து பார்த்திருக்கிறது. எதில் ஒரு ஷில்லிங்குக்கு அதிகத் தொழில் கைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் கல்லூரி. அரசுத் தொழில்நுட்பக் கல்லூரிகளின் கட்டணத்தை 2018-ல் ஆண்டுக்கு 56,420 ஷில்லிங் என்று ஒரே சீராக்கினார்கள். அதில் 30,000-ஐ அரசு நேராகக் கல்லூரிக்குத் தந்தது, மீதி 26,420 மாணவர் பாடு. அதற்கும் உயர்கல்விக் கடன் வாரியத்தில் 40,000 வரை கடன் கேட்க முடிந்தது. சேர்க்கை மளமளவென்று ஏறியது. இந்த முறைக்குப் பெரிய நற்சான்று அதுதான். கட்டணத்தைக் கேட்டே வாசலோடு திரும்பியவர்கள் உள்ளே வந்தார்கள்.

சிக்கல், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருக்கிறது. வெல்டிங் படிக்கிற பையன் ராடை, அதாவது உருகி இரும்பை ஒட்டவைக்கும் கம்பியை, எரித்துத்தான் கற்க முடியும். ஒரு ராடு ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கோடு கோணாமல், ஓட்டை விழாமல் ஒரு பற்று வைக்கப் பழகுவதற்குள் கட்டுக்கட்டாக ராடு போகும். இரும்புத் துண்டு, கையுறை, கரண்ட் பில் எல்லாம் தனி. பக்கத்து வகுப்பில் வணிக மேலாண்மை படிப்பவருக்கோ கரும்பலகையும் நோட்டும் போதும். இருவருக்கும் அரசு தந்தது அதே 30,000. கல்லூரி முதல்வர் எந்த வகுப்பை அதிகமாக்குவார்? அவரைக் குறை சொல்லவும் முடியாது. பணம் தாமதமாக வந்தால் இன்னும் மோசம், அங்கே தாமதம் புதிதும் இல்லை. சம்பளத்தை நிறுத்த முடியாது, எனவே முதலில் வெட்டு விழுவது ராடில்தான். சீனக் கடனில் ஏவிஐசி நிறுவனம் வழியாகப் பல கல்லூரிகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கின. இயந்திரத்துக்குக் கடன் கிடைக்கும். அதற்குத் தினமும் போட வேண்டிய தீனிக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

அடுத்தது மாணவர் கை. இதற்கு அருமையான ஒரு சோதனையே இருக்கிறது. மேற்குக் கென்யாவில் 2008-ல், பொருளாதார அறிஞர்கள் எட்வர்ட் மிகெலும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் இருந்த ஆய்வுக் குழு, தொழிற்பயிற்சி கேட்டு வந்த சுமார் 2,100 இளைஞர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குலுக்கல் முறையில் வவுச்சர், அதாவது பயிற்சிக் கட்டணத்துக்கான சீட்டு, கொடுத்தது. மதிப்பு ஏறக்குறைய 460 டாலர். வென்றவர்களிலும் பாதிப் பேருக்கு ஒரு நிபந்தனை: அரசு நிறுவனத்தில் மட்டுமே சேரலாம். மற்றவர்கள் தனியாரிடமும் போகலாம். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தவர்களே அதிகம் சேர்ந்தார்கள், பாதியில் நின்றதும் அவர்களில் குறைவு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சி மையம் கிடைத்தால் வண்டிக்காசு மிச்சமாகுமே.

அதே சோதனையில், மெக்கானிக் போன்ற ‘ஆண் தொழில்’களில் வருமானம் அதிகம் என்ற தகவலைச் சிலருக்கு மட்டும் சொன்னார்கள். அதைக் கேட்ட பெண்களில், தையலையும் முடி அலங்காரத்தையும் விட்டு அந்தப் பக்கம் திரும்பியவர்கள் கூடினார்கள். தகவல் சொல்ல ஆன செலவு அற்பம். ஆனால் வவுச்சர் பெற்றவர்களின் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் உட்காரவைப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு.

அதிபர் ரூட்டோ 2023-ல் அறிவித்த புதிய முறையும் இந்தப் பக்கம் சாய்ந்ததுதான். எல்லோருக்கும் ஒரே தொகை என்பதை விட்டு, குடும்ப நிலையைப் பார்த்து உதவித்தொகை, கடன், வீட்டுப் பங்கு என்று பிரித்தது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. என் சந்தேகம் கடன் பகுதியில். வட்டி 4 சதவீதம்தான், ஆனால் தவணை தவறினால் மாதம் 5,000 ஷில்லிங் அபராதம். சம்பளச் சீட்டு உள்ளவரிடம் முதலாளி மூலம் பிடித்துக்கொள்ளலாம். தெருவோரம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவருக்கு ஏது சம்பளச் சீட்டு?

மூன்றாவது, பட்டறை. முறைசார்ந்த நிறுவனங்கள் ஒரு தொழிலாளிக்கு மாதம் 50 ஷில்லிங் பயிற்சி வரி கட்டுகின்றன. ஆளுக்குப் பயிற்சி கொடுத்தால் அந்த நிதியிலிருந்து செலவைத் திரும்பக் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 600. கல்லூரி மாணவர் ஒருவரின் 30,000-க்கு ஈடாக 50 தொழிலாளிகளின் வரி வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதுவே சம்பளச் செலவில் 1 சதவீதம். அப்புறம், கென்யாவில் வேலை செய்வோரில் 80 சதவீதத்துக்கும் மேல் ‘ஜுவா காலி’, அதாவது கடும் வெயிலில் உழைக்கும் முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டறைகள் வரியும் கட்டுவதில்லை, பணமும் கேட்க முடியாது.

1990-களின் கடைசியில் அந்தப் பக்கமும் ஒரு வவுச்சர் போனது, உலக வங்கிக் கடனில். பெரும் பகுதிச் செலவை வவுச்சர் ஏற்க, மீதியைத் தொழிலாளி கொடுக்க வேண்டும். யாரிடம் கற்பது என்பது அவர் விருப்பம். கல்லூரிகள் வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், பயிற்சியாளராகப் பதிந்தவர்களில் பெரும்பாலோர் ‘ஃபுண்டி’கள், அதாவது கைதேர்ந்த மேஸ்திரிகள். நிர்வாகச் செலவு அதிகம்தான். திட்டம் முடிந்ததும் வவுச்சரும் முடிந்தது.

என்னைக் கேட்டால், கல்லூரிக்குத் தரும் பணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதை வகுப்புக்கு வகுப்பு மாற்று என்பேன், வெல்டிங்குக்கு ஒரு விலை, மேலாண்மைக்கு ஒரு விலை. அதில் ஒரு பங்கை, மாணவர் விரும்பினால் ஃபுண்டியிடம் கொண்டுபோக விடலாம். 2024-ல் அனுபவத்தால் கற்ற தொழிலுக்குச் சான்றிதழ் தரும் கொள்கையை அரசே கொண்டுவந்திருப்பதால், அங்கே கற்றதை அளப்பதற்கும் வழி இருக்கிறது. நைரோபியின் கமுகுஞ்சியில் விடுதி மாணவர்களுக்கான தகரப்பெட்டிகளைக் காது செவிடாகும்படி அடிக்கிறார்கள். அங்கே தொழில் பழக வரும் பையனுக்குப் பெரும்பாலும் வீட்டார் ஃபுண்டிக்குப் பணம் கொடுக்கிறார்கள், இல்லையென்றால் அவனே சில காலம் சம்பளமில்லாமல் சுத்தியல் பிடிக்கிறான்.