மகளைத் தத்தெடுக்க உதவிய மதுரை வக்கீலம்மா

என் மகளுக்கு ஒன்பது வயது. இப்போதைய கணவர் அவளை முறைப்படி தத்தெடுக்க ஆசைப்பட்டார். முதலில் பார்த்த வக்கீல், "விவாகரத்துத் தீர்ப்பில் குழந்தை உங்களிடம்தானே, அது போதும்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். தவறான தகவல்.

அடுத்துப் பார்த்த இந்த வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வியே, "பெற்ற அப்பா சம்மதிப்பாரா?" பிள்ளை நம்மிடம் வளர்ந்தாலும் தகப்பன் உரிமை தானாகப் போகாதாம். காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு) இணையதளப் பதிவு, 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவு தருவது கோர்ட் அல்ல, கலெக்டர் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதித் தந்தார்.

அவள் அப்பா வந்த அன்று, "கையெழுத்துப் போட்டால் அவள் சட்டப்படி உங்கள் பிள்ளை இல்லை" என்று இரண்டு முறை விளக்கிய பிறகே வக்கீலம்மா பேனாவை நீட்டினார். அப்பாவின் கை நடுங்கியது. வக்கீலம்மா அவசரப்படுத்தவே இல்லை. அந்த நேர்மைக்காகவே சொல்கிறேன், தாராளமாகப் போங்கள்.

கட்டணம் கொஞ்சம் அதிகம், ரசீது உண்டு. அலுவலகம் மாடியில், படி செங்குத்து.