குயில் குஞ்சும் காக்கைக் குஞ்சும்

பெங்களூரு அல்சூரில் ஏப்ரல் பிறந்தால் இரண்டையும் மாடியிலிருந்தே பார்க்கலாம்.

குயில் பொரிவதும் வளர்வதும் காக்கைக் கூட்டில். ஆனாலும் வளர்ந்த ஆண்குயில் கரைவதில்லை, கூவுகிறது. அந்தக் குரல் பிறவியிலேயே வந்தது.

காக்கைக் குஞ்சு அப்படியில்லை. பறக்கத் தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் பெற்றோர் பின்னாலேயே சுற்றும். சோறு வைத்தால் பெரியது முதலில் இறங்கும். குஞ்சு கேபிள் கம்பியில் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். பகை யார் என்பதையும் கூட்டம்தான் காட்டிக் கொடுக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் பறவை ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, பிறகு பறக்க விட்டார்கள். பின்னாளில் பிடிபடாத காக்கைகளும், பெற்றோர் கத்துவதைப் பார்த்து வளர்ந்த குஞ்சுகளும்கூட அதே முகமூடியைக் கண்டால் கத்தின.

நாளுக்கொரு கட்டடம் முளைக்கும் இந்த ஊரில், பார்த்துக் கற்கும் காக்கையின் வழிதான் மேல் என்பேன். ஆனால் கூட்டத்தைப் பிரிந்தால் பாடமும் போச்சு. அதனால் இறகு முளைத்த குஞ்சு தரையில் கிடந்தால், காயமில்லை என்றால், வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், பெற்றோர் பார்த்துக்கொள்ளும்.