மணிக்கட்டில் ஆறு வாரம் ஃபிக்ஸேட்டர்: போட்டிருந்தவர் அனுபவம்

வலது கையை ஊன்றி விழுந்ததில் முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் கீழ்முனை, மணிக்கட்டு மூட்டை ஒட்டிய இடத்தில், பல துண்டாகிவிட்டது. முதலில் இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு மறுபடி அமுங்கியிருந்தது. அப்புறம்தான் எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர், அதாவது எலும்பை வெளியிலிருந்து பிடித்து வைக்கும் கருவி. கழற்றி நான்கு மாதம் ஆகிறது. இதைப் போட வேண்டும் என்று கேட்டுப் பயந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆள்காட்டி விரலுக்கு நேரே உள்ள உள்ளங்கை எலும்பில் இரண்டு பின் (எலும்பில் திருகி இறக்கும் உலோகக் கம்பி), முன்கையில் முறிவுக்கு மேலே நல்ல எலும்பில் இரண்டு பின், நான்கையும் தோலுக்கு வெளியே இணைக்கிற ஒரு தண்டு, அவ்வளவுதான் கருவி. மூட்டை லேசாக இழுத்துப் பிடித்தால் சுற்றியுள்ள, எலும்புகளை இணைக்கிற நார்களான லிகமென்ட்டுகள் விறைத்து, சிதறிய துண்டுகளைத் தம்மோடு இழுத்து இடத்துக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் மூட்டின் நடுவே அமுங்கிப்போன துண்டு இந்த இழுப்புக்கு வராது, அதற்காகவே எனக்கு எலும்பைக் குத்திப் பிடிக்கிற இரண்டு மெல்லிய கே-கம்பிகளும் சேர்த்துப் போட்டார்கள். எலும்பைப் பிடித்து வைக்கும் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆறு வாரமும் எக்ஸ்ரேயில் துளி நகரவில்லை.

குறை விரல்களில். என்னை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனையில் விரலை அசைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் அசைத்தால் எலும்பு விலகிவிடும் என்று பயந்து கையைத் தலையணையில் வைத்தபடியே இரண்டு வாரத்தை ஓட்டிவிட்டேன். விரல்கள் வீங்கி, பளபளப்பாகி, பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிற்று. பிசியோதெரபிஸ்ட் பார்த்தவுடன் கேட்டது, இழுப்பு அதிகமாக இருக்கிறதா என்றுதான், ஏனென்றால் மூட்டை அளவுக்கு மீறி இழுத்து வைத்தால் விரல்கள் மடங்காது. டாக்டர் பின்களைத் தண்டோடு பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, கொஞ்சம் குறைத்து, திரும்ப முறுக்கினார். கையைத் திறக்காமல் வெளியிலிருந்தே திருத்த முடிகிறதே, 1938-இல் சுவிஸ் மருத்துவர் ரவுல் ஹாஃப்மன் வடிவமைத்த ஃபிக்ஸேட்டரின் முக்கியமான யோசனையே இதுதான். அன்றிலிருந்து மணிக்கு ஒருமுறை விரல் மடக்கினேன், முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டியது.

பின் இறங்கும் இடத்தைத் தினமும் பாருங்கள். தெளிவான நீர் கசிந்து பொருக்கு கட்டுவது சகஜம், சலைனில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். எனக்கு நான்காவது வாரம் மேல் பின்னைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தது, மாத்திரையில் அடங்கிவிட்டது. இன்னொன்று, முன்கைப் பின்கள் போகும் வழியில் கட்டைவிரலின் பின்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு இருக்கிறது. சிறிதாகக் கீறி, எலும்பைப் பார்த்துப் பின் இறக்குவீர்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கழற்றுவது பயந்த அளவுக்கு இல்லை. மயக்க மருந்து இல்லாமல் சில நிமிடம், திருகு சுழலும்போது எலும்புக்குள் ஒரு விசித்திரமான இழுப்பு.

ஃபிக்ஸேட்டருக்குப் பதிலாக உள்ளே எலும்பின் மேல் பிளேட் (உலோகத் தகடு) போட்டவர்கள் மணிக்கட்டைச் சீக்கிரம் அசைக்கத் தொடங்குகிறார்கள், முதல் சில மாதம் அவர்கள் முன்னால்தான். ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. டாக்டர் இரண்டுமே சரி என்றால் நான் பிளேட்டைத்தான் கேட்பேன். காயம் திறந்திருந்தாலோ, எலும்பு மிகவும் நொறுங்கி, கை வீங்கிப் போயிருந்தாலோ, ஃபிக்ஸேட்டரை நம்பிப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இப்போது முஷ்டி முழுதாக மூடுகிறது, பாட்டில் மூடி திறக்க மட்டும் இன்னும் இடது கை வேண்டும்.