3018 சி.என்.சி ரவுட்டர்: நீண்ட நாள் ஓட்டிய பின், அளவு பிசகுவது பற்றி

3018 என்பது கணினிக் கட்டளைப்படி மரம், அக்ரிலிக் வெட்டும் சிறிய மேசை மெஷின். அதில் 50 மி.மீ. கொடுத்தால் 49.7 வருகிறது என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் உடனே "ஸ்டெப்ஸை மாத்துங்க" என்பார். ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை அடி (ஸ்டெப்) எடுக்க வேண்டும் என்ற எண்தான் ஸ்டெப்ஸ். 3018 வகை மெஷின்களில் ஒழுங்காக இருந்த பாதி மெஷின்கள் கெட்டது இந்த யோசனையால்தான். மேசையை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவின் புரி அளவு மாறுவதில்லை, மோட்டார் ஒரு சுற்றுக்கு எடுக்கும் 200 அடியும் மாறுவதில்லை. மாறுவது வேறு எங்கோ.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்வோம். நன்றாக இறுக்கி வைத்த 3018, ப்ளைவுட்டிலும் தேக்கிலும் அக்ரிலிக்கிலும் 0.1 மி.மீ.க்குள் நிற்கும். அதற்குக் கீழே ஒரு நாள் வரும், மறுநாள் வராது. அலுமினியத்தில் 0.05 வேண்டும் என்பவர் இந்த மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம், லேத் பட்டறைக்குப் போகலாம்.

பிழையின் குணத்தைக் கண்டுபிடிக்கத் துண்டு ப்ளைவுட் போதும். 20 மி.மீ. சதுரம் ஒன்று, 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவு, உதாரணமாக 0.3 குறைந்தால், காரணம் வெட்டும் பிட்டின் விட்டம், லீட் ஸ்க்ரூவில் ஓடும் நட்டின் ஆட்டம், பிட் வளைவது இவற்றில் ஒன்று. சிறியதில் 0.06, பெரியதில் 0.3 என்று அளவுக்கேற்பப் பிழை வளர்ந்தால்தான் ஸ்டெப்ஸைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, நீளமான வேலையில் மட்டும் பாதியிலிருந்து எல்லாம் தள்ளிப்போனால் மோட்டார் அடி தவறுகிறது, அல்லது மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளர் வழுக்குகிறது. வெர்னியர் வைக்கும் முன் விளிம்புப் பிசிரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) பிசிர் மட்டுமே 0.1 காட்டும்.

அதே பலகையில் சதுரக் குழி ஒன்றும் வெட்டிக்கொண்டால் விடை இன்னும் நெருங்கும். வெளித்துண்டு பெரிதாகி, குழி சிறிதானால், மென்பொருளில் கொடுத்ததைவிடப் பிட் மெலிந்திருக்கிறது, அல்லது வெட்டும்போது ஒதுங்குகிறது. வெளித்துண்டு சிறிதாகி, குழி பெரிதானால், பிட் ஆடிச் சுற்றி அகலமாக வெட்டுகிறது. இரண்டுமே சிறிதானால் பெரும்பாலும் நட்டில் ஆட்டம்.

பிட் விஷயத்தில் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். தண்டு 3.175 மி.மீ., அதாவது எட்டில் ஒரு அங்குலம், என்பதால் வெட்டும் முனையும் 3.175 என்று கொடுத்துவிடுவது வழக்கம். முனை 3.0 ஆக இருந்தால் வெளித்துண்டு 0.175 பெரிதாகும், குழி அதே அளவு சிறிதாகும். நேர்க்கோட்டில் ஒரே ஒரு காடி வெட்டி, அதன் அகலத்தை அளந்து, அந்த எண்ணையே பிட்டின் விட்டமாகப் பதிவு செய்யுங்கள். பிட்டின் தேய்மானமும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் ஆட்டமும் அந்த எண்ணுக்குள்ளேயே வந்துவிடும். காடி, பிட்டைவிட 0.1க்கு மேல் அகலமாக இருந்தால் பிட்டைப் பிடிக்கும் இஆர்11 காலெட்டைக் கழற்றித் துடைக்கவும். காலெட்டை முதலில் மூடிக்குள் 'டிக்' என்று உட்காரவைத்துவிட்டுத்தான் ஸ்பிண்டிலில் மாட்ட வேண்டும். ஸ்பிண்டிலுக்குள் போட்டு மேலே மூடியைத் திருகினால் பிட் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

மெஷினா, வெட்டு விசையா என்று குழப்பம் இருந்தால் பிட்டுக்குப் பதில் பேனா. ஸ்பிரிங் வைத்த பேனாவைக் கட்டி, அதே கோப்பைத் தாளில் வரையவிடுங்கள். வரைந்தது சரி, வெட்டினால் மட்டும் தப்பு என்றால் பிட், வேகம், ஆழம் இவற்றைப் பார்க்கவும். வரைந்ததே தப்பு என்றால் ஸ்க்ரூ, நட், கப்ளர் பக்கம் போகவும்.

தமிழ் எழுத்தில் தெரியும் ஆட்டம்

புதுச்சேரியில் இந்த மெஷினில் அதிகம் ஓடுவது வீட்டுப் பெயர்ப்பலகை. பிரெஞ்சுத் தெருக்களின் நீலப் பலகை மாதிரி மேலே ஒரு மொழி, கீழே தமிழ் என்று கேட்பார்கள். ரோமன் பெரிய எழுத்து வரி கச்சிதமாக வந்திருக்கும், தமிழ் வரியில் ண, ஞ, லை எல்லாம் கோணியிருக்கும். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. நேர்க்கோட்டு எழுத்தில் மெஷின் திசை திரும்புவது மூலையில் மட்டும். தமிழ்ச் சுழிகளில் ஒவ்வொரு வளைவிலும் எக்ஸும் ஒய்யும் (இடவலம், முன்பின் நகர்வுகள்) மாறி மாறித் திரும்புகின்றன. திரும்பும் ஒவ்வொரு முறையும் நட்டின் ஆட்டம் தீரும்வரை மேசை நகராது. சுழி மூடாமல் போவதும், வட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் நான்கு முனைகளில் தட்டையாவதும் அதனால்தான். மெஷினைச் சோதிக்க 'ண'வை 15 மி.மீ. உயரத்தில் வெட்டிப் பார்ப்பதைவிடக் கடுமையான சோதனை கிடையாது.

அளக்க 0.01 மி.மீ. டயல் கேஜ் வேண்டும். முள்ளை மேசைக்கு எதிரே வைத்து, ஒரே திசையில் 1 மி.மீ. நகர்த்தி, டயலைச் சுழியம் ஆக்குங்கள். மறுபடி அதே திசையில் 1 மி.மீ., பிறகு எதிர்த்திசையில் 1 மி.மீ. முள் சுழியத்துக்குத் திரும்பாமல் விடும் இடைவெளிதான் ஆட்டம். 0.05க்குள் இருந்தால் மரவேலைக்கு விட்டுவிடலாம். 0.15 தாண்டினால் எழுத்து கெடும். கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் வழக்கமான ஜிஆர்பிஎல்லில் இதை மென்பொருளால் ஈடுகட்டும் வசதி இல்லை. இரும்பிலேயே சரிசெய்தாக வேண்டும்.

நட்டைக் குறை சொல்வதற்கு முன் ஸ்க்ரூவைக் கையால் நீளவாட்டில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். 3018இன் சுருள் வெட்டிய அலுமினியக் கப்ளர் நீளவாட்டில் ஸ்பிரிங் போல விரியும். ஸ்க்ரூவின் முனையில் தாங்கும் பேரிங் இல்லாத மாடல்களில் ஆட்டத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கும். 8 மி.மீ. லாக் காலர் ஒன்று, எஃப்8-16எம் த்ரஸ்ட் பேரிங் ஒன்று போட்டு ஸ்க்ரூவை முனைத்தகட்டோடு அண்டக்கொடுத்தால் பாதி பிரச்சினை முடியும். மிச்சத்துக்கு ஸ்பிரிங் வைத்த இரட்டை நட். ஸ்பிரிங்கை அதிகம் அழுத்தினால் ஸ்க்ரூ இறுகி மோட்டார் அடி தவறும். மின்சாரம் இல்லாதபோது ஸ்க்ரூவை இரண்டு விரலால் சுழற்ற முடிய வேண்டும், அதுதான் அளவு.

கப்ளரின் க்ரப் ஸ்க்ரூ (தண்டை இறுக்கும் தலையில்லாத திருகு) தளர்வதைக் கண்டுபிடிக்க மார்க்கர் பேனா போதும். மோட்டார் தண்டு, கப்ளர், லீட் ஸ்க்ரூ மூன்றையும் சேர்த்து ஒரே கோடு. வேலை முடிந்ததும் கோடு முறிந்திருந்தால் வழுக்கியிருக்கிறது. இறுக்கும்போது நீலநிறத் த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு விடலாம். அக்ரிலிக், பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெடிப்பு விடும், கவனம்.

வெட்டு விசை

ஸ்பிண்டிலைச் சுழற்றும் 24 வோல்ட் 775 மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று ஓடும். இரண்டு பல் பிட், பல்லுக்கு 0.03 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 600 மி.மீ. ஃபீட், அதாவது பிட் முன்னேறும் வேகம். ப்ளைவுட்டில் 3.175 பிட்டுக்கு ஒரு தடவைக்கு 1 மி.மீ. ஆழம் போதும். 2 மி.மீ. கொடுத்தாலும் வெட்டும், ஆனால் பிட்டும், ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் இசட் தொகுதியும் ஒதுங்கிப்போய்ச் சுவர் சாயும். பயந்து ஃபீடை 150க்கு இறக்குவதும் தப்பு. பிட் வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும், அக்ரிலிக் உருகிப் பிட்டில் ஒட்டும். சுவரில் 0.2 மி.மீ. விட்டுவைத்து, கடைசியில் முழு ஆழத்தில் ஒரே சுற்று சீவுவதே இந்த மெஷினுக்குப் பொருந்தும். அந்தச் சுற்றை மாற்றமில்லாமல் இரண்டாவது முறை ஓட்டும்போதும் தூள் வந்தால், முதல் முறை பிட் ஒதுங்கியிருந்தது என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகை

புதுச்சேரி, கடலூர் கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மெஷினுக்குள் இன்னொரு மாறுபாடு நுழைகிறது. அடிப்பலகையாகப் போட்ட எம்.டி.எஃப். ஈரம் குடித்து உப்பும். கோடையில் சீவிச் சமன் செய்த பரப்பு நவம்பரில் சமமாக இருக்காது. நேரான பிட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. முனை கூம்பாக இருக்கும் வி-பிட்டில் கோட்டின் அகலமே ஆழத்தைப் பொறுத்தது. 60 பாகை பிட்டில் பரப்பு 0.3 மி.மீ. உயர்ந்தால் கோடு 0.35 அகலும். பெயரின் முதல் எழுத்து மெலிந்தும் கடைசி எழுத்து தடித்தும் வரும். மழை பிடித்ததும் 22 மி.மீ. சீவும் பிட்டால் அடிப்பலகையை 0.3 ஆழத்தில் ஒருமுறை சமன் செய்துவிட வேண்டும். கடையிலிருந்து வந்த பலகையை அன்றே வெட்டாமல் இரண்டு மூன்று நாள் அதே அறையில் நிற்கவைக்கலாம். நாரின் குறுக்கே திட மரம் நகரும், ப்ளைவுட் அவ்வளவு நகராது. பூட்டிச் சேர வேண்டிய துண்டுகளை ஒரே நாளில் வெட்டிவிடுவது நல்லது.

ஸ்க்ரூவுக்கு கெட்டி கிரீஸ் போடாதீர்கள். மரத்தூளோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். பழைய பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். உப்புக்காற்றில் வழிகாட்டி ராடுகளில் செம்புள்ளி விழுந்தால் பேரிங்கின் குண்டுகள் அதில் ஏறி இறங்கும். சில நாள் ஓட்டாமல் விடுவதாக இருந்தால் ராடுகளுக்கும் எண்ணெய் பூசிவிடுங்கள்.

அடி தவறுதல்

எழுத்துகள் போகப்போக ஆழமாகிக்கொண்டே வந்தால் இசட் மேலே ஏறும்போது மட்டும் அடி தவறுகிறது. இறங்கும்போது எடை உதவுகிறது, ஏறும்போது எதிர்க்கிறது. இசட் ஸ்க்ரூவுக்கு எண்ணெய், ஜிஆர்பிஎல் அமைப்பில் $112இல் வேகக் குறைப்பு, $122இல் முடுக்கக் குறைப்பு, இந்த வரிசையில் பாருங்கள். பிறகுதான் மின்னோட்டம். மோட்டாரை ஓட்டும் ஏ4988 டிரைவரில் மின்னோட்டம் என்பது குறிப்பு வோல்டேஜை, உணர் மின்தடையின் எட்டு மடங்கால் வகுத்தது. 0.1 ஓம் மின்தடைக்கு 0.8 வோல்ட் வைத்தால் 1 ஆம்பியர். மின்தடை மதிப்பைப் பலகையில் படித்துவிட்டே கணக்குப் போடவும். அதிகம் கொடுத்தால் கத்திரி வெயில் நாளில் டிரைவர் சூடேறித் தானே அணைந்து அணைந்து எழும், மறுபடி அடி தவறும். டிரைவர்மேல் காற்றாடி அவசியம்.

$1ஐ 255 ஆக்குங்கள். இல்லையென்றால் நின்றதும் மோட்டார் தளர்ந்துவிடும், பிட் மாற்றக் கை வைத்தாலே இடம் நகரும். $32 சுழியமாக இருக்க வேண்டும், அது லேசருக்கானது. ஸ்பிண்டில் ஓடும்போது யுஎஸ்பி துண்டித்துக்கொண்டால் மோட்டாரின் இரு முனைக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை ஈயம் வையுங்கள். கரன்ட் போனால் ஆயத்தொலைவு மறந்துபோகும். அடிப்பலகையில் நிலையான மூலைக் குறி ஒன்று வெட்டி வைத்து, அங்கிருந்து பலகையின் சுழியம் எவ்வளவு தூரம் என்று எழுதிவைத்தால் பாதி வெட்டிய பலகையைத் தொடரலாம்.

சதுரம் சாய்கிறதா என்று பார்க்க 200க்கு 150இல் நான்கு சிறு துளை இடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 250 வர வேண்டும். வித்தியாசம் 0.8 என்றால் 150 மி.மீ.க்கு அரை மில்லி சாய்வு. ஸ்பிண்டிலைத் தாங்கும் சட்டமான கேன்ட்ரியின் போல்ட்களைத் தளர்த்தி மூலைமட்டம் வைத்து இறுக்குங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் பிழை அளவுக்கேற்ப வளர்ந்தால் ஸ்டெப்ஸைத் தொடலாம். சுற்றுக்கு 200 அடி, ஒவ்வொரு அடிக்கும் 16 மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் டி8 ஸ்க்ரூ என்றால் 800 வர வேண்டும். 2 மி.மீ. ஸ்க்ரூவாக இருந்தால் 1600, 8 என்றால் 400. 200 மி.மீ. நகரச் சொல்லி 199.4 வந்தால் 800 × 200 ÷ 199.4, அதாவது 802.41. வெட்டிய துண்டை அளந்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். மேசையின் நகர்வை, ஒரே திசையில், ஸ்பிண்டில் ஓடாத நிலையில் அளந்து போடுங்கள். திருத்தம் 800க்கு 5 அல்லது 6ஐத் தாண்டினால் கப்ளருக்குத் திரும்புங்கள்.

செலவு என்று பார்த்தால் டயல் கேஜ், லாக் காலர், த்ரஸ்ட் பேரிங், நல்ல காலெட் நான்கும் முதலில். அதிக வேக ஸ்பிண்டிலுக்குப் பணம் போடுவதை ஒத்திப்போடலாம். கனமான ஸ்பிண்டில் ஏற்றினால் எக்ஸ் ராடுகள் இன்னும் வளையும்.