பிள்ளைகளுக்கு இலவசமான டிக்கெட்டை எனக்கு விற்ற டிராவல்ஸ்காரர்

வீட்டில் வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 2024 மே மாதம் போய் வந்தோம். இதை எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வெட்கம்தான். கணக்கு எழுதுவதே எனக்குத் தொழில்.

மகளுக்கு அப்போது 17. நன்றாகப் படம் வரைவாள். பாரிஸ் வரை போய் லூவ்ர் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்புவதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்றாள். மகனுக்கு 14. ஓவியம் என்றாலே கொட்டாவி. அவனுக்கு ரயில் வேண்டும், அப்புறம் ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக்கூடம் வேண்டும். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வளையம் போட்டு அணுத்துகள்களை மோதவிடுகிறார்களே, அந்த இடம். வீட்டில் தினமும் இதே சண்டை.

கோவையில் ஒரு டிராவல்ஸ்காரர் இந்தச் சண்டையைக் கேட்டதுமே பிடித்துக்கொண்டார். "குரூப் டூர்ல போனா ரெண்டு பேருமே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க சார். பாப்பாவுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள்னு நான் தனியாப் போட்டுத் தர்றேன்." அதில் விழுந்தேன். ஜி.எஸ்.டி. சேர்த்து 8,60,000 ரூபாய், அதற்கு மேல் டி.சி.எஸ். என்று, அதாவது அரசுக்காக அவர்கள் நம்மிடம் முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி, 67,000. பிப்ரவரிக்குள் மொத்தமும் கட்டியாயிற்று.

பாரிஸ் ஹோட்டலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈபிள் கோபுரத்திலிருந்து 20 நிமிடம் என்றார்கள். நடுராத்திரி காரில் போனால் வரலாம்.

பாரிசில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள், செவ்வாய்க்கிழமை. காலை 9.30க்கு லூவ்ர் என்று அட்டவணையில் இருந்தது. கண்ணாடிப் பிரமிடு வரை போய்விட்டோம். வரிசையே இல்லை. நம்ம நேரம் நல்லாயிருக்கு என்று நான்தான் சொன்னேன். லூவ்ருக்குச் செவ்வாய்தோறும் விடுமுறை. டூர் போடுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. போன் போட்டால், "ஏதாவது லோக்கல் ஹாலிடேயா இருக்கும் சார். வெளிய நின்னு போட்டோ எடுத்துக்கங்க, சூப்பரா வரும்" என்றார். மகள் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மொபைலைத் தேடி, ஓர்சே அருங்காட்சியகம் திறந்திருக்கிறது என்றாள். அதற்குத் திங்கள்தான் விடுமுறையாம். தோட்டத்தைக் கடந்து சேன் ஆற்று நடைபாலத்தில் ஏறினால் எதிர்க்கரையில் நிற்கிறது. கவுண்டரில் நாலு டிக்கெட் கேட்டேன். அங்கிருந்த பெண், இவர்கள் இருவரின் வயதைக் கேட்டுவிட்டு இரண்டுதான் கொடுத்தார். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசமாம். அப்போ லூவ்ர்? அங்கேயும் அப்படித்தான் என்றார். எங்கள் இன்வாய்ஸில் லூவ்ர் நுழைவு 4 பேர், தலைக்கு 6,500 ரூபாய் என்று இருந்தது. அந்த வருஷம் பெரியவர்களுக்கே அங்கே 22 யூரோ, கிட்டத்தட்ட 2,000 ரூபாய்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர்சே முன்பு ரயில் நிலையமாக இருந்த கட்டடம், 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. மகன் அந்தப் பெரிய கடிகாரத்தையும் வளைந்த கூரையையும் பார்த்துவிட்டு, தண்டவாளம் எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று அளந்துகொண்டே திரிந்தான். மகளை வான்கோ படங்களுக்கு முன்னாலிருந்து கிளப்ப முடியவில்லை. இப்படி ஓர் இடம் இருப்பதை டிராவல்ஸ்காரர் எங்களுக்குச் சொல்லவே இல்லை.

அடுத்து ஜெனீவா, அதாவது தம்பியின் நாள். வழிகாட்டியுடன் செர்ன் உள்சுற்று என்று 4 பேருக்கு 24,000 வாங்கியிருந்தார். ஸ்டேஷன் வாசலில் ஆள் நிற்பார் என்றார். அரை மணி நேரம் நாங்கள்தான் நின்றோம். 18ஆம் எண் டிராம் நேராக செர்ன் வாசலுக்கே போகிறது, அதில் ஏறிப் போய்விட்டோம். வரவேற்பில் வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நாங்கள் பணமே வாங்குவதில்லையே என்றார்கள். 2023 அக்டோபரில் திறந்த சயின்ஸ் கேட்வே கண்காட்சியும் இலவசம், வழிகாட்டியோடு சுற்றுவதும் இலவசம். ஆனால் சுற்றுக்கு இடம் கொஞ்சம்தான், அன்றைக்கு நிரம்பிவிட்டது. கண்காட்சியை மட்டும் பார்த்தோம். "பரவால்லப்பா" என்றான் மகன். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் சுவிஸ் டிராவல் பாஸ், அதாவது சுவிட்சர்லாந்தில் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். இன்வாய்ஸில் நாலு பாஸ், நாலும் ஒரே விலை. இன்டர்லாக்கன் போகும் ரயிலில் மனைவிதான் கவனித்தாள். "ஏங்க, இவனோடதுல விலை சைபர்னு இருக்கே?" பெற்றவர் பாஸ் வைத்திருந்தால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஃபேமிலி கார்டு இலவசம். 25 வயது ஆகாதவர்களுக்கு இளையோர் பாஸ் 30 சதவீதம் குறைவு. மகளுக்கு அதைத்தான் எடுத்திருந்தார். சுவிஸ்காரர்கள் தந்த சலுகையை ஒன்றுவிடாமல் வாங்கி, தானே வைத்துக்கொண்டிருக்கிறார்.

இதோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். ஜூலையில் வருமானவரி ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் அடிவயிறு கலங்கியது. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். 35,000 கூட்டல் 32,000, ஆக 67,000 சரியான கணக்கு. அது நம் பான் எண்ணில் அரசுக்குப் போய்ச்சேர வேண்டும். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் எனக்கு ஒரு பைசாகூட இல்லை. டி.சி.எஸ். பிடித்ததற்கான 27டி சான்றிதழை டிராவல்ஸ்காரரிடம் கேட்டால், "ஆடிட்டர் பாத்துட்டிருக்கார் சார்." மூன்று வாரம் ஆடிட்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்து, வக்கீல் நோட்டீசும் அனுப்பிய பிறகுதான் அக்டோபரில் அந்தத் தொகை 26ஏஎஸ்-இல் ஏறியது. திருத்திய ரிட்டர்ன் போட்டு மீட்டேன். உங்களிடமும் டி.சி.எஸ். வாங்கியிருந்தால், அது உங்கள் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இன்னும் கிளம்பாதவர்கள், அட்டவணையில் உள்ள ஒவ்வொரு இடத்தின் சொந்த இணையதளத்திலும் விடுமுறைக் கிழமையையும் பிள்ளைகளின் வயதுக்கான விலையையும் பார்த்துவிட்டு இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். ஒரு மணி நேர வேலை. நான் அதைச் செய்யவில்லை.

மீதிப் பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். தனித்தனி நாள் தருவதாக வாக்குக் கொடுக்கவே இல்லை, எல்லாருக்கும் போடுகிற சாதாரண பேக்கேஜ்தான் என்று அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். பாப்பாவுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் என்று டிராவல்ஸ்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மகனின் போனில் இன்னும் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.