நெக்ஸஸ் 7 (2013): மலையகத்து வீட்டில் இன்னும் வேலை செய்யக்கூடிய பழைய டெப்

கூகுளின் பெயரில் ஆசுஸ் செய்து 2013 ஜூலையில் வெளிவந்த 7 அங்குல டெப் இது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு போன் கடையில் பழையதாகக் கிடைத்தால் வாங்கலாமா? தொடுதிரை சுத்தமாக இருந்து, பெட்டரி மாற்றும் செலவுக்கும் நீங்கள் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம். பாடப்புத்தகம், கடந்தகால வினாத்தாள், அகராதி, இணையம் இல்லாமல் படிக்கும் விக்கிப்பீடியா ஆகியவற்றை ஒரே கையில் பிடிக்க இதைவிட வசதியான பழைய டெப் குறைவு. 290 கிராம்தான். 1920க்கு 1200 என்ற திரையில் தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் கூர்மையாகத் தெரியும். வங்கிக் கணக்குப் பார்க்கவோ சூம் வகுப்புக்கோ இதை நம்பி வாங்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

வாங்குமுன் ஒரு எச்சரிக்கை. 2012இல் வந்த டெப்புக்கும் நெக்ஸஸ் 7 என்றுதான் பெயர். திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கேமரா இல்லையென்றால் அது 2012ஆம் ஆண்டினது, வேண்டாம். அதில் 1 ஜிபி ரேம்தான். சேமிப்புச் சில்லும் காலப்போக்கில் மிகவும் மெதுவாகிவிடும். எந்த மென்பொருளைப் போட்டாலும் அது தீராது. 2013 மாடலில் 2 ஜிபி ரேமும் ஸ்னாப்ட்ராகன் எஸ்4 ப்ரோ சில்லும் இருக்கின்றன. வைஃபை மட்டும் உள்ளதன் மாடல் எண் கே008, சிம் போடுவது கே009. கே008ஐயே எடுங்கள். சிம் உள்ளதிலும் சாதாரண அழைப்பு எடுக்க முடியாது. போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக்கொண்டால் வேண்டியது கிடைத்துவிடும்.

கடையில் நின்றபடியே தொடுதிரையைச் சோதிக்கலாம். செட்டிங்ஸில் அபௌட் பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பர் என்ற வரியை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் பொயின்டர் லொக்கேஷனை இயக்குங்கள். இனி விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடாக விழும். இடமிருந்து வலமாக, விரலை எடுக்காமல், ஒரு விரல் அகல இடைவெளி விட்டு மேலிருந்து கீழ்வரை வரிவரியாக இழுத்து வாருங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இழுங்கள். கோடு நடுவில் அறுந்தாலோ, ஒரே இடத்தில் வளைந்து தாவினாலோ, தொடாத இடத்தில் புள்ளி தோன்றினாலோ அந்தத் திரை சரியில்லை. இந்த மாடலில் தொடுதிரைக் கோளாறு பலருக்கும் வந்த ஒன்று என்பதால் இந்த 2 நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அதே சோதனையைச் சார்ஜரில் செருகியும் ஒருமுறை செய்யுங்கள். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் கோடு பித்துப்பிடித்து ஓடினால் குற்றம் பெரும்பாலும் மலிவுச் சார்ஜருடையது, டெப்புடையதல்ல. கடைசியாக டெப்பைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்மட்டத்தில் பாருங்கள். பின்மூடி உப்பியிருந்தால் உள்ளே பெட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நல்ல டெப் கையில் வந்தாயிற்று. இதற்குக் கூகுள் கடைசியாகக் கொடுத்தது அண்ட்ராய்ட் 6.0.1. அதை அப்படியே வைத்திருந்தால் பல இணையதளங்களில் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை வரும். டெப் கெட்டுப்போய்விட்டது என்று பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். விஷயம் சின்னது. ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழை வைத்திருக்கின்றன. அதன் புதிய வேர்ச் சான்றிதழை, அதாவது மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையான ஒன்றை, 7.1.1க்கு முந்திய அண்ட்ராய்ட்கள் அறியாது. பழைய அண்ட்ராய்டுகளுக்காகச் செய்திருந்த இடைக்கால ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. இதை நேராக்கும் வழி புதிய அண்ட்ராய்ட் போடுவது. அந்த வேலையைக் கம்பனி செய்யவில்லை, பயனர்களே செய்து வைத்திருக்கிறார்கள். 2016 டிசம்பரில் சயனஜென்மொட் என்ற மாற்று அண்ட்ராய்ட் பதிப்பு நின்றபோது அதன் வழியில் தொடங்கிய லினியேஜ் ஓ.எஸ். திட்டத்தில், இந்த டெப்பைக் கைவிடாத தன்னார்வலர்கள் அண்ட்ராய்ட் 11 வரை கொண்டுவந்தார்கள். அவர்களுடைய அந்தப் பதிப்பு 18.1. சம்பளமில்லாமல் இரவிரவாக உட்கார்ந்து செய்த வேலை அது. நன்றியோடுதான் சொல்ல வேண்டும்.

போடும் முறையில் இந்த டெப்புக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அண்ட்ராய்ட் உட்காருவதற்காகச் சேமிப்பில் கூகுள் பிரித்து வைத்த சிஸ்டம் பகுதி ஏறத்தாழ 840 எம்பிதான். அண்ட்ராய்ட் 11க்கு அது போதாது. அதனால் சேமிப்பை மறுபடி பிரித்து, சிஸ்டத்துக்குக் கூடுதல் இடம் ஒதுக்கிய பிறகே புதியதைப் போட முடியும். அப்படி மறுபிரிப்புச் செய்த கே008க்கு இந்தத் தன்னார்வலர்களிடையே ஃப்ளொக்ஸ் (flox) என்று பெயர், பிரிக்காததற்கு ஃப்ளோ (flo). இந்த 2 பெயர்களையும் குழப்பிக்கொள்வதால் வரும் தோல்விதான் அதிகம்.

முதலில் பெட்டரியை 60 வீதத்துக்கு மேல் ஏற்றுங்கள். மறுபிரிப்பின் நடுவில் சார்ஜ் இறங்கி அணைந்தால் மீட்பது பெரும்பாடு. உள்ளே உள்ள படம், கோப்பு எல்லாம் அழியும், வேண்டியதை முன்கூட்டியே லேப்டொப்பில் நகல் எடுத்துவிடுங்கள். டெப்பை அணைத்து, ஒலி குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால், லேப்டொப்பிலிருந்து டெப்புக்குக் கட்டளை கொடுக்க உதவும் பாஸ்ட்பூட் திரை வரும். டெப்பைக் கேபிளால் லேப்டொப்பில் செருகி, பாஸ்ட்பூட் மென்பொருள் போட்ட அந்த லேப்டொப்பில் பாஸ்ட்பூட் டிவைசஸ் (fastboot devices) என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒரு வரிசை எண் வந்தால் தொடர்பு சரி. எதுவும் வரவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த மைக்ரோ யூஎஸ்பி கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது. கேபிளை மாற்றியும் வரவில்லை என்றால் விண்டோஸில் கூகுள் யூஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். லினக்ஸில் டிரைவர் தேவையில்லை. பிறகு பாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லொக் (fastboot oem unlock) கொடுத்து, வேறு மென்பொருள் ஏறாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து, ரெக்கவரியாக, அதாவது அண்ட்ராய்டுக்கு வெளியே நின்று மென்பொருள் போட உதவும் சிறு நிரலாக, டி.டபிள்யூ.ஆர்.பி.யை (TWRP) போடுங்கள்.

ரெக்கவரி போட்டவுடன் டெப்பைச் சாதாரணமாக இயக்கிவிடாதீர்கள். பழைய அண்ட்ராய்ட் ஒருமுறை எழுந்தாலே தன் பழைய ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடும், நீங்கள் போட்டது காணாமல் போகும். பாஸ்ட்பூட் திரையிலிருந்தே ஒலிப் பட்டனால் ரெக்கவரி மோடைத் தேர்ந்து நேரே உள்ளே போங்கள். அங்கே மறுபிரிப்புக் கோப்பை ஓட்டி, பிரிப்பு முடிந்ததும் ரெக்கவரியையும் ஃப்ளொக்ஸுக்கு உரியதாக மாற்றுங்கள். அதை மறந்து லினியேஜ் கோப்பைப் போட்டால் பிழை 7 என்று நின்றுவிடும். கோப்பு ஃப்ளொக்ஸைத் தேடுகிறது, ரெக்கவரி தன்னை ஃப்ளோ என்று சொல்கிறது, அவ்வளவுதான். இணையத்தில் சிலர் சொல்வதுபோல் கோப்புக்குள் உள்ள சோதனை வரியை அழித்துவிட்டுப் போட வேண்டாம். அந்த வரிதான் தவறான டெப்பில் தவறான மென்பொருள் ஏறாமல் காக்கிறது.

கூகுள் பிளே வேண்டுமென்றால், லினியேஜ் போட்ட கையோடு, முதல் தடவை இயக்குமுன்பே அதன் தொகுப்பையும் போட வேண்டும். பிறகு போட்டால் செயலிகள் விழுந்து விழுந்து எழும். ஏஆர்எம் என்ற சில்லு வகை, அண்ட்ராய்ட் 11, பிக்கோ என்ற சிறிய தொகுப்பு, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். ஏஆர்எம்64 இதற்குப் பொருந்தாது. பெரிய தொகுப்பை எடுத்தால் பிழை 70, அதாவது இடம் போதாது என்று வரும். படிக்க மட்டும் என்றால் கூகுள் தொகுப்பே போடாமல் எஃப்-ட்ரொய்ட் (F-Droid) என்ற இலவசச் செயலிக் களஞ்சியத்தில் செயலிகளை எடுத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. 2 ஜிபி ரேமில் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

அடுத்தது பெட்டரி. இத்தனை வருடப் பழைய பெட்டரியில் அரை நாள் ஓடினாலே அதிகம். மாடல் எண் சி11பி1303, 3950 எம்ஏஎச், 3.8 வோல்ட். அந்த எண் அச்சிட்டதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 2012 மாடலின் பெட்டரி இதற்குள் அமராது. பின்மூடி பசையால் அல்ல, பிளாஸ்டிக் கொக்கிகளால் பிடித்திருக்கிறது. கிட்டார் மீட்டும் வில்லையோ பழைய ரீலோட் அட்டையோ ஓரத்தில் நுழைத்துச் சுற்றி வந்தால் டக் டக்கென்று விடும். உள்ளே முதலில் பெட்டரியின் கனெக்டரைக் கழற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. நெம்புவதற்கு உலோகக் கருவி வேண்டாம். குத்தினால் லித்தியம் தீப்பிடிக்கும். வீங்கிய பெட்டரி என்றால் வீட்டில் கை வைக்காமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: பெட்டரி செத்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லும் டெப்களில் சிலவற்றில் கனெக்டர் மட்டும் தளர்ந்திருக்கும். கழற்றி அழுத்திச் செருகினாலே உயிர் வந்துவிடும்.

பல மாதம் பெட்டிக்குள் கிடந்த டெப் இயங்கவில்லையென்றால் லேப்டொப்பில் செருகிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இதனுடன் வந்த சார்ஜர் 1.35 அம்பியர். லேப்டொப் துளை தருவது அரை அம்பியர்தான். நல்ல சார்ஜரில் ஒரு மணித்தியாலம் விட்டு, பிறகு பவர் பட்டனை 20 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். சார்ஜர் துளை ஆடிப்போனாலும் வழி உண்டு. கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் சீ (Qi) வசதி இந்த டெப்பில் 2013இலேயே இருக்கிறது. இப்போதைய போன்களுக்கு விற்கும் சீ தட்டில் வைத்தால் ஏறும். சரியான இடம் பிடிக்கக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும், மெதுவாகவும் ஏறும், ஆனால் துளை உடைந்த டெப்பைத் தூக்கி எறியும் தேவை இல்லாமல் போகிறது. இந்த மாடலை நாங்கள் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்ய இது பெரிய காரணம்.

மலையகத்தில் ஈரமும் இடியும் இரண்டு எதிரிகள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. நுவரெலியாக் குளிரில் வெளியே கொண்டுபோன டெப்பை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்ததும் இயக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் படியும் நீர்த்துளி துளைக்குள்ளும் படியும். கால் மணித்தியாலம் பையிலேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் மூடி இறுகும் டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பையோடு வையுங்கள்.

இனி என்ன படிக்கலாம்? கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தமிழிலும் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகத் தருகிறது. நூலகம் இணைய நூலகத்தில் மலையக எழுத்துகள் உட்பட ஈழத்து நூல்களும் இதழ்களும் ஏராளம். இரண்டுக்கும் கோரீடர் செயலி நன்றாகப் பொருந்துகிறது. பக்க ஓர வெள்ளையைத் தானாக வெட்டி எழுத்தைப் பெரிதாக்கும், மங்கிய ஸ்கேன் பக்கத்தின் கறுப்பைக் கூட்டும். ஸ்கேன் பக்கங்கள் படங்களாக இருப்பதால் அவற்றில் சொல் தேட முடியாது. எழுத்தாகவே உள்ள பிடிஎஃப்பிலும் சிலவேளை தேடல் சிக்காது, நகல் எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அது டெப்பின் பிழையல்ல, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்த கோப்பு. தமிழில் தட்டச்சுச் செய்ய இண்டிக் கீபோர்ட் போதும், தமிழ்99உம் அதில் இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் செயலி வழியாக முழுதாக இறக்கி வைக்கலாம். சிக்னல் வராத மேல்கணக்கு லயத்திலும் அது திறக்கும். 16 ஜிபி டெப்பில் உங்கள் கைக்கு வருவது ஏறத்தாழ 12 ஜிபி, மெமரி கார்ட் போடும் இடமும் இல்லை. எனவே 32 ஜிபி கிடைத்தால் அதையே எடுங்கள், அல்லது டெப்பின் சிறிய துளையில் பென்ட்ரைவை இணைக்கும் ஓடிஜி கேபிளில் பென்ட்ரைவ் செருகுங்கள். பெரிய கோப்பு பாதியில் நகலாகி நின்றால் பென்ட்ரைவ் பெரும்பாலும் ஃபெட்32 என்ற கோப்பு முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபெட் முறைக்கு மாற்றுங்கள்.

அண்ட்ராய்ட் 11க்குக் கூகுள் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பது 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. வங்கிச் செயலியும் கடவுச்சொல் முக்கியமான எதுவும் இதில் வேண்டாம் என்பது அதனால்தான். காணொளி அழைப்பு நடக்கும், ஆனால் சூடேறி இழுக்கும்.

எங்காவது சிக்கினால் உதவி கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. கே008ஆ கே009ஆ, மறுபிரிப்பு ஆயிற்றா, ரெக்கவரியின் பதிப்பு எண், பிழை வந்த வரி அப்படியே, இவ்வளவையும் கொடுங்கள். டி.டபிள்யூ.ஆர்.பி.யில் கொப்பி லொக் என்று இருப்பதைத் தட்டினால் நடந்தது முழுதும் ஒரு கோப்பாக வரும், அதையும் இணையுங்கள். தமிழில் கேட்க வெட்கப்பட வேண்டாம், பிழை வரியை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள்.

பழைய கருவிக்கான கோப்புகள் எப்போதும் இணையத்தில் இருக்கும் என்று எண்ண முடியாது. மறுபிரிப்புக் கோப்பு, ஃப்ளொக்ஸ் ரெக்கவரி, லினியேஜ் 18.1, கூகுளின் மூல 6.0.1 ஆகிய நான்கையும் இறக்கியதும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை, இறக்கிய தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஒரு பென்ட்ரைவில் போட்டு டெப் இருக்கும் டப்பாவிலேயே வையுங்கள்.