போர் தண்ணீர் பார்க்க வாங்கிய ஈ.சி. பேனா மீட்டர்

எங்கள் நிலம் வேதாரண்யம் பக்கம், கடைமடை. ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானால் நாற்றங்காலுக்குப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர்தான். அம்மா ஒரு வாய் ஊற்றிப் பார்த்து, "இன்னிக்குப் பரவாயில்லடா, பாய்ச்சு" என்பார். அப்படிப் பாய்ச்சி இரண்டு முறை நாற்று நுனி வெளுத்துக் காய்ந்தது. அதற்குப் பிறகுதான் இந்த மீட்டரை வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது (ஈ.சி.) என்று அளந்து, அதில் எவ்வளவு உப்பு என்று காட்டும்.

முதல் வாரம் காட்டியதை அப்படியே நம்பினேன். அப்புறம் மீட்டரைச் சரிபார்க்க, ஈ.சி. 1413 மைக்ரோசீமென்ஸ் என்று குறித்த திரவம் வாங்கி முக்கினால் 1290 காட்டுகிறது! பொத்தானை அழுத்திச் சரிசெய்தேன். திரவம் இல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள்.

சரிசெய்த பிறகு இது எனக்குக் காட்டிக்கொடுத்த விஷயம் பெரியது. காலையில் மோட்டார் போட்டதும் 1.1 மில்லிசீமென்ஸ், அதாவது 1100 மைக்ரோசீமென்ஸ். மூன்று மணி நேரம் ஓடிய பின் அதே குழாயில் 2.6. மேலே நிற்கும் நல்ல தண்ணீரை இழுக்க இழுக்க, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் ஏறி வருகிறது. நெல்லுக்கு மண்ணின் உப்பு 3 மில்லிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், தண்ணீரே 2.6 என்றால் வெயிலில் வற்ற வற்ற மண்ணில் எவ்வளவு சேரும்? இப்போது ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் மறுபடி போடுகிறேன். இந்த வருடம் நாற்று பச்சையாக நின்றது.

ஆனால் எவ்வளவு உப்பு என்றுதான் இது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. சோடியமும் கால்சியமும் இதற்கு ஒன்றுதான். என் வயலில் ஈரம் காய்ந்தால் கட்டி கல்லாக இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் கால்சியம், மெக்னீசியத்தைவிடச் சோடியம் மிக அதிகம் என்று தெரிந்தது. ஜிப்சம் போடச் சொன்னார்கள். மீட்டர் இருக்கிறதே என்று அந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, மீட்டர் காட்டும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) எண்ணைப் பார்க்காதீர்கள். என் மீட்டர் ஈ.சி.யைப் பாதியாக்கிக் காட்டுகிறது, மச்சானுடையது 0.7-ஆல் பெருக்குகிறது. 2400 மைக்ரோசீமென்ஸ் உள்ள அதே வாளித் தண்ணீர் எனக்கு 1200, அவருக்கு 1680. யார் போர் மோசம் என்று வரப்பில் நின்று அரை மணி நேரம் சண்டை. இப்போது இருவரும் ஈ.சி.யை மட்டும்தான் எழுதி வைக்கிறோம்.